பாட்டிலில் கொடுத்த தண்ணீர்

“நீயே போய்ச் சொல்லிடு. நான் வரல.”

“சொல்றதா இருந்தா அன்னிக்கே சொல்லியிருக்க மாட்டேனா? இப்பப் போய் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு...”

“இப்பச் சொல்லாம எப்பச் சொல்லுவ? குழி வெட்டி, பம்ப எறக்கி, ஊரே குடிச்சு முடிச்சப்புறமா?”

“மெதுவாப் பேசுங்க. வாசல்ல ஆளு போகுது.”

“நான் மெதுவாத்தான் பேசுறேன். உன் காதுதான் இன்னிக்கு ரொம்பக் கூர்மையா இருக்கு.”

இதைச் சொல்லிவிட்டுத் தையல்காரர் மிஷினை மிதிக்கத் தொடங்கினார். ஊசிக்குக் கீழே துணி ஏதும் இல்லை. சண்டை போடும்போது மிஷினை ஓட்டுவது அவர் வழக்கம். அந்தச் சத்தத்தில் பேச்சு தெருவுக்குக் கேட்காது என்று அவருக்கு ஒரு நினைப்பு. துணி வராத நாளில் மிஷின் ஓடினால் உள்ளே சண்டை என்று தெருவே தெரிந்து வைத்திருந்தது. அது அவருக்கு மட்டும்தான் தெரியாது.

அவர் மனைவியைத் தெருவில் எல்லாரும் சின்னவள் என்பார்கள். அந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இரண்டு மருமகள்களில் இளையவள். மூத்தவள், தையல்காரரின் அண்ணன் மனைவி, அடுத்த வீட்டில் இருந்தாள். அவள் பெரியவள். அண்ணன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர், வந்தால் வந்ததுதான். இரண்டு வீடும் ஒரு காலத்தில் ஒரே வீடு. நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்தபோது கிணறு பெரியவள் பக்கம் போய்விட்டது.

பிரித்த பிறகும் சின்னவள் அங்கேதான் போய் மொண்டுகொண்டிருந்தாள். ஒரு நாள் பெரியவள், கையில் இருந்த துடைப்பத்தைக்கூடக் கீழே வைக்காமல், “மொள்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டா வாய் தேஞ்சா போயிடும்?” என்றாள். அவ்வளவுதான். சின்னவள் குடத்தில் இருந்ததை அப்படியே கிணற்றில் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். “இனி அந்தக் கிணத்துல ஒரு சொட்டு தொட்டேன்னா ஏன்னு கேளுங்க” என்று புருஷனிடம் சொன்னாள். அவரை அரித்து எடுத்துத் தன் வீட்டுப் பின்புறத்தில் ஒரு கிணறும் வெட்ட வைத்தாள்.

தண்ணீர் வந்தது. ஆனால் என்ன தண்ணீர். குடத்தில் வைத்தால் மாலைக்குள் மேலே ஆடை மாதிரி ஒன்று படியும். சோறு மஞ்சளாக வேகும். பள்ளிக்கூடத்துக்குத் தைக்கிற வெள்ளைச் சட்டையை அதில் அலசினால் பழைய காகிதம் மாதிரி ஆகிவிடும். பின்வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டுக் கொட்டகை. முதல் மழை பெய்தால் போதும், மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். “வெயில் சூடு, மழை பட்டதும் எறங்குது” என்பாள் சின்னவள். தையல்காரர் ஊசிக்கு நூல் கோர்த்துக்கொண்டிருப்பார். கிணறு வெட்டின நாளிலிருந்து அந்த வீட்டில் தண்ணீரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் கடல் கடந்து அந்தப் பிள்ளைகள் வந்தார்கள். காலேஜில் படிக்கிறவர்கள், லீவுக்கு வந்தவர்கள். ஊருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவரப் போகிறார்களாம். பள்ளிக்கூடத்து வகுப்பறைகளில் பாய் விரித்துப் படுத்தார்கள். வெயிலில் தோல் உரிந்து, கொசுக்கடியில் கால் முழுக்கத் தடிப்போடு, மூட்டை மூட்டையாகச் சிமெண்டைத் தாங்களே சுமந்தார்கள். அவர்களில் உயரமான ஒரு பெண்ணுக்கு நெட்டச்சி என்று தெரு பேர் வைத்துவிட்டது. அவள் எங்கே போனாலும் கூடவே ஜீப் டிரைவர். அந்தப் பாஷையும் தெரிந்தவன். வாய் மூடாதவன், அதனால் ரேடியோ.

போன வாரம் நெட்டச்சி வீடு வீடாக வந்து ஒரு சின்னப் பாட்டிலைக் கொடுத்தாள். ரேடியோ விளக்கினான். “உங்க கிணத்துத் தண்ணிய இதுல புடிச்சு வைக்கணும். நாளைக்குக் காலைல வந்து வாங்கிக்குவாங்க. எது நல்ல கிணறோ அதுல பம்பு வச்சு, தொட்டி கட்டி, தெருவுக்கெல்லாம் குழாய் போட்டுத் தருவாங்க.”

சின்னவள் பாட்டிலைக் கையில் வாங்கினாள். நெட்டச்சி வியர்த்துப்போய் நின்றிருந்தாள். எவ்வளவோ தூரத்திலிருந்து வந்த பெண். அவள் கையில் இந்த மஞ்சள் தண்ணீரையா நீட்டுவது? குளித்துக் கிளம்பினவளிடம் அழுக்குத் துண்டைக் கொடுக்கிற மாதிரி இருந்தது சின்னவளுக்கு. ‘நல்ல கிணறு, கெட்ட கிணறு’ என்றதெல்லாம் அந்த நேரத்தில் அவள் காதில் நிற்கவில்லை. வந்தவள் தண்ணீர் கேட்கிறாள், கொடுக்கிற தண்ணீர் கொடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். அதுதான் நின்றது.

விடிவதற்கு முன்னால் சுவரைச் சுற்றிப் போய்ப் பெரியவள் கிணற்றில் ஒரு வாளி இழுத்தாள். வெள்ளைத் துணியில் வடிகட்டினாள். அதோடு விட்டாளா, அடுப்பில் வைத்துக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, ஆற வைத்து, பாட்டிலில் ஊற்றி மூடினாள். நெட்டச்சி வந்து வாங்கியபோது பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள். சின்னவளும் சிரித்தாள்.

இன்று காலை வந்து கிணற்றுச் சுவர்களில் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள். பச்சை வட்டம் என்றால் குடிக்கலாம். மஞ்சள் என்றால் காய்ச்சிக் குடிக்கலாம். சிவப்பு என்றால் வாயில் வைக்காதே. தெருவில் மற்ற எல்லாக் கிணற்றுக்கும் மஞ்சள். சின்னவள் கிணற்றுக்குப் பச்சை.

பெரியவள் கிணற்றுக்குச் சிவப்பு.

அங்கேதான் சின்னவளுக்கு இடித்தது. பச்சை வந்தது ஏன் என்று அவளுக்குத் தெரியும். சிவப்பு வந்தது ஏன் என்று தெரியவில்லை. ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரு பாட்டிலில் பச்சை, இன்னொன்றில் சிவப்பு.

“நாளைக்குக் காலைல குழி வெட்டுறாங்க” என்றார் தையல்காரர், மிஷினை நிறுத்தாமல். “நம்ம கிணத்துல. கேட்டியா? நம்ம கிணத்துல.”

“நீங்கதான் கேக்கணும். நான் வெட்டச் சொன்னப்ப ‘இங்க வேணாம், மாட்டுக் கொட்டகை பக்கத்துல இருக்கு’ன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“சத்தமாச் சொன்னீங்களா?”

அவர் பதில் சொல்வதற்குள் பின்பக்கம் வாளி உரசுகிற சத்தம் கேட்டது. சின்னவள் எழுந்து ஓடினாள். எதிர்வீட்டு முட்டைக்காரி குடத்தோடு வந்து கயிற்றை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா இந்நேரத்துல?”

“என்னன்னு கேக்குற? பச்ச வட்டம் போட்டிருக்காங்கல்ல. மக பிரசவத்துக்கு வந்திருக்கா, புள்ளைக்குப் பால் பத்தல, பவுடர் கரைச்சுக் குடுக்கணும். உன் தண்ணியிலயே கரைச்சுக் குடுப்போம்னு வந்தேன். புள்ள ராசியா வளரட்டும்.”

சின்னவள் கயிற்றைப் பிடித்தாள். “இன்னிக்கு வேணாம்க்கா.”

“ஏன்?”

“வாளி விழுந்து கலங்கிப் போயிருக்கு. எறங்கி எடுக்கணும்.”

“வாளி இந்தா இருக்கே.”

“அது வேற வாளி.”

முட்டைக்காரி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். “காலைல வட்டம் போட்டாங்க, மத்தியானத்துக்குள்ள உனக்குக் கிணறு பெரிசாயிருச்சு. எங்களுக்குக் கை எட்டாதுன்னு சொல்லு, போயிடுறேன். வாளி மேல ஏன் பழி போடுற?”

அவள் போன பிறகு சின்னவள் கயிற்றைச் சுருட்டி, வாளியையும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். மிஷின் நின்றிருந்தது. தையல்காரர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்குத் தெரு முழுக்க வரும்” என்றார். “இன்னும் எத்தன வாளிய விழ வைக்கப் போற?”

சின்னவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். செருப்பு போட்டாள். கழற்றினாள். மறுபடி போட்டாள்.

“சோறு மூடி வச்சிருக்கேன். புள்ளைக்கு நீங்களே போட்டுக் குடுங்க.”

“எங்க, பள்ளிக்கூடத்துக்கா?”

“இல்ல. முதல்ல அடுத்த வீட்டுக்கு.”

பெரியவள் தன் கிணற்றடியில் குந்தி உட்கார்ந்து, செங்கல் துண்டால் சிவப்பு வட்டத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெயிண்ட் போகவில்லை. சுவர்தான் தேய்ந்து, வட்டம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. காலையிலிருந்து அந்த வீட்டு வாசலை யாரும் மிதிக்கவில்லை. எப்போதும் அந்த நேரத்துக்குக் குடிக்கத் தண்ணீர் என்று நாலு பேராவது வருவார்கள். அந்தத் தண்ணீருக்கு அப்படி ஒரு பேர்.

அந்த வீட்டு நாய் எழுந்து வந்து சின்னவளின் காலை முகர்ந்து வாலை ஆட்டியது. பெரியவள் திரும்பிப் பார்த்தாள். மறுபடி தேய்க்கத் தொடங்கினாள்.

“வேடிக்க பாக்க வந்தியா?”

“இல்லக்கா.”

“பச்ச வட்டக்காரி செவப்பு வட்டக்காரி வீட்டுக்கு வேற எதுக்கு வருவா? நல்லாப் பாத்துக்க. எங்க மாமியா காலத்துக் கிணறு. கலியாணம் காட்சின்னா ஊரே இங்கதான் மொண்டுட்டுப் போகும். இன்னிக்கு நாய்க்குத் தண்ணி வைக்கவே யோசனையா இருக்கு.”

“உன் தண்ணி நல்லாத்தான் இருக்குக்கா.”

“உனக்கு எப்படித் தெரியும்? நீதான் இந்தக் கிணத்துப் பக்கம் தலைவச்சுப் படுக்கிறதில்லையே.”

“நான் மொண்டேன்.”

செங்கல் நின்றது.

“அந்தப் பொண்ணு பாட்டில் குடுத்தாள்ல. மறுநாள் விடிகாலைல வந்து மொண்டேன். என் பாட்டில்ல போனது உன் தண்ணி. அந்தப் பச்ச வட்டம் உன்னோடது.”

பெரியவள் மெல்ல எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“திருடுனியா?”

“மொண்டேன்.”

“கேக்காம மொண்டா அதுக்குப் பேரு என்ன?”

“சரி, திருடுனேன். போதுமா?”

“நாய் குரைக்கலையே.”

“அதுக்கும் எனக்கும் என்ன சண்டை?”

பெரியவள் நாயைப் பார்த்தாள். நாய் இருவருக்கும் நடுவில் படுத்துக்கொண்டது. அவள் வாயோரம் ஏதோ அசைந்தது, சிரிப்பா என்று சொல்ல முடியாது.

“எதுக்கு மொண்ட? பம்பு உன் வீட்டுக்கு வரணும்னா?”

“பம்ப யாரு கண்டா. அந்தப் பொண்ணு கையில என் தண்ணியக் குடுக்கக் கூசுச்சு. வந்தவங்களுக்குப் போய் அதக் குடுக்கிறதான்னு... வடிகட்டி, காய்ச்சி வேற குடுத்தேன்.”

“காய்ச்சியா?”

“ம்.”

“கிணத்துத் தண்ணி எப்படி இருக்குன்னு பாக்கக் கேட்டவளுக்குக் காய்ச்சிக் குடுத்தியா? ஒரு டீத்தூளும் போட்டிருக்கலாமே.” இப்போது அது சிரிப்புதான். சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள். “அப்ப என் பாட்டில் ஏன் செவப்பாச்சு? நான் என் கிணத்துலதானே புடிச்சேன். பாட்டில நல்லா விளக்கித்தானே புடிச்சேன்.”

“விளக்குனியா?”

“பின்ன? உள்ளாற ஏதோ வெள்ளையா ஒட்டிக்கிட்டிருந்துச்சு. அழுக்கு பாட்டில்லயா தண்ணி குடுக்கிறது? வெரல் போகல, துணியச் சுருட்டிக் குச்சியில கட்டி, பாத்திரம் கழுவுற தொட்டியில முக்கி முக்கிக் கழுவுனேன்.”

இருவரும் பாத்திரத் தொட்டியைப் பார்த்தார்கள். அதில் காலைப் பாத்திரங்கள் ஊறிக்கொண்டிருந்தன. அடுப்பங்கரைத் துணியும் அதிலேயே கிடந்தது. ஈ ஒன்று விளிம்பில் நடந்துகொண்டிருந்தது.

“இந்தத் தொட்டியிலயா?”

“நீ வாய மூடு” என்றாள் பெரியவள். “நட, போலாம்.”

பள்ளிக்கூட வராந்தாவில் நெட்டச்சி குழாய்த் துண்டுகளை நீளவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ரேடியோ தரையில் உட்கார்ந்து வெற்றுச் சிமெண்டுப் பையால் விசிறிக்கொண்டிருந்தான். சின்னவள் நின்றபடியே ஆரம்பத்திலிருந்து சொன்னாள். தண்ணீரின் மஞ்சள், வெட்கம், வாளி, வெள்ளைத் துணி, அடுப்பு. நடுவில் பெரியவள் பாட்டிலைக் கழுவின கதையைச் சேர்த்தாள். ரேடியோ முழுக்கக் கேட்டுவிட்டு நெட்டச்சியிடம் மூன்றே வார்த்தை சொன்னான்.

“நாங்க இவ்வளவு சொன்னோம், நீ என்ன இத்துனூண்டு சொல்ற?” என்றாள் பெரியவள்.

“சாரத்தச் சொன்னேங்க.”

“சாரம் வேணாம். சக்கையோட சொல்லு. எங்களுக்கு மானம் போற விஷயம்.”

அவன் மறுபடி சொன்னான். இந்த முறை கையை ஆட்டி, வாளி இழுப்பது போலவும் குச்சியால் குடைவது போலவும் நடித்துக்கூடக் காட்டினான். நெட்டச்சியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. கையில் இருந்த குழாயை வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

“அழுவுறாளா?” என்றாள் பெரியவள்.

“ஏய், அழாத கண்ணு. பெரியவங்க நாங்கதான் புத்தியில்லாம...” என்று குனிந்தாள் சின்னவள்.

நெட்டச்சி அழவில்லை. கையை எடுத்தபோது கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். ஏதோ வேகமாகச் சொன்னாள். ரேடியோ தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“அவங்க சொல்றாங்க, தப்பு அவங்களோடதாம். தண்ணிய அவங்களே வந்து புடிச்சிருக்கணுமாம். ஆளு பத்தலன்னு வீட்டுக்கு வீடு பாட்டிலக் குடுத்துட்டாங்களாம். அந்த வெள்ளையா இருந்தது மருந்தாம், கழுவவே கூடாதாம். காய்ச்சிக் குடுத்த பாட்டில்ல கிருமிப் புள்ளி ஒண்ணு கூட வரலையாம், திறந்த கிணத்துல அப்படி இருக்கவே இருக்காதாம். ராத்திரியெல்லாம் அவங்களுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சாம், ஆனா நல்லதுதானேன்னு விட்டுட்டாங்களாம். அப்புறம்...” அவன் தயங்கினான். “நாளைக்கு வெட்ட வேணாம்னு கூட வந்திருக்கிற வாத்தியார்கிட்ட அவங்களே சொல்றேங்குறாங்க. நீங்க வந்து சொல்லலன்னா அவங்க ஊருக்குப் போனப்புறம்கூடத் தெரிஞ்சிருக்காதாம்.”

“பம்பு ஒண்ணுதான் இருக்கா?” என்றாள் சின்னவள்.

“ஒண்ணுதான்.”

“அப்ப ஒழுங்காப் பாத்து வைக்கச் சொல்லு.”

அன்று மாலையே நெட்டச்சி வந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, புதுப் பாட்டிலைப் பிரித்து, இரண்டு கிணற்றிலும் தானே பிடித்தாள். பிடிக்கும்போது இரண்டு மருமகள்களும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்கள். எதையாவது தொட்டுவிடுவோமோ என்று இருவருக்கும் பயம்.

முடிவு தெரிய ஒரு நாள் ஆகும் என்றார்கள். அந்த ஒரு நாளில் தெருவில் கதை கிளம்பி, நாலு தரம் போய்வந்து, கையும் காலும் முளைத்துவிட்டது. முட்டைக்காரி வாசலில் நின்று, “உன் வாளி கிடைச்சுதா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். சின்னவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அன்றைக்கு அந்தக் குடத்தை நிறைய விட்டிருந்தால் என்று நினைத்தபோது அந்தச் சுருக்கு பெரிதாகப் படவில்லை.

தையல்காரர் அன்று முழுக்க ஒரே சட்டைக்குக் கையாலேயே பொத்தான் காஜா எடுத்தார்.

“என்ன இப்படிப் பாக்குறீங்க?”

“ஒண்ணுமில்ல. மிஷின் இன்னிக்குச் சும்மா இருக்கு.”

“அதுக்கு?”

“எதிர்த்த வீட்டுக்காரி வந்து கேட்டா, உங்க வீட்ல இன்னிக்கு ஏன் சத்தமே இல்லன்னு. மிஷின் ஓடுனாத்தான் நாம சண்ட போடுறோம்னு தெருவுக்கே தெரியுமாமே. நீ ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொல்லியிருந்தா வாயத் திறந்து சண்ட போட்டிருப்பீங்க. இது எவ்வளவோ தேவல” என்றாள்.

மறுநாள் மதியம் பள்ளிக்கூடத்தில் நெட்டச்சி தண்ணீரை விட்டு வைத்திருந்த இரண்டு சின்ன வட்டத் தட்டுகளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். ஒன்றில் தேடிப் பார்த்தால் அங்கொன்று இங்கொன்றாகப் புள்ளி. இன்னொன்றில் இடமே இல்லை. புள்ளிமேல் புள்ளி, கொசு மொய்த்த மாதிரி.

“இது எது?” என்று சின்னவள் கேட்டாள். கேட்க வேண்டிய தேவையே இல்லை.

ரேடியோ முதல் தடவையாக வாயைத் திறக்காமல், விரலை மட்டும் நீட்டி அவளைக் காட்டினான்.

சின்னவள் அந்தத் தட்டைக் குனிந்து பார்த்தாள். மகள் சுருண்டு படுத்திருக்கிற பாய் நினைவுக்கு வந்தது. வெயில் சூடு, வெயில் சூடு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள். பெரியவள் அவள் முகத்தைப் பார்த்தாள். தட்டைக் கையால் மறைத்தாள்.

“பாத்தது போதும். எடுத்து வைக்கச் சொல்லு” என்றாள் ரேடியோவிடம்.

பெரியவள் கிணற்றில் வேலை நடந்தது. பிள்ளைகள் குழி வெட்டினார்கள். கையில் கொப்புளம் வந்தவர்களுக்குத் தையல்காரர் வெட்டுத் துணிகளைக் கொடுத்தார், சுற்றிக்கொள்ள. கிணற்றுக்குச் சிமெண்டு மூடி வந்தது. தொட்டி எழுந்தது, அதற்குள் மணலும் கரியும் கூழாங்கல்லும் படுக்கை படுக்கையாக விழுந்தன. சிவப்பு வட்டத்தின்மேல் நெட்டச்சி பச்சை அடித்தாள். உரித்த சுவரில் பெயிண்ட் திட்டுத் திட்டாக நின்றது. “இன்னொரு கை அடிக்கச் சொல்லுப்பா” என்று பெரியவள் பக்கத்திலேயே நின்று வேலை வாங்கினாள். சின்னவள் கிணற்றுக்குச் சிவப்பு. துணி அலசவும் செடிக்கு ஊற்றவும் மட்டும். அவளே பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குழாய் திறந்த அன்று வானம் மூட்டமாக இருந்தது. முதல் மழை எந்த நேரமும் விழலாம். மாட்டுக் கொட்டகைப் பக்கமிருந்து ஈரக்காற்று அடித்தது. பெரியவள் வீட்டுச் சுவரோரம் தெருவைப் பார்த்து நாலு குழாய். நெட்டச்சி பம்பை அடித்தாள், முதலில் காற்று வந்தது, பிறகு கொஞ்சம் கலங்கல், பிறகு தெளிந்து விழுந்தது. யாரோ கையில் பிடித்துக் குடித்துவிட்டு, “இது நம்ம பெரிய கிணத்துத் தண்ணிதானே, இதுக்கா இத்தன கூத்து” என்றார்கள். கூட்டம் சிரித்தது. நெட்டச்சிக்கு ரேடியோ அதைச் சொன்னான். சக்கையோடு சொன்னான் போலிருக்கிறது, அவளும் சிரித்தாள்.

குடங்கள் வரிசையாக நின்றன. முட்டைக்காரி முன்னால் நின்றாள், மகளும் பிள்ளையோடு வந்திருந்தாள். சின்னவள் இரண்டு குடத்தோடு வந்து கடைசியில் நின்றாள். மகள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “நமக்கு வர்றதுக்குள்ள தீந்துடுமாம்மா?” என்று கேட்டாள். “தீராது” என்றாள் சின்னவள். வரிசை ஒரு குடம் நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள். தலை குனிந்து நிற்கத் தேவையில்லைதான். ஆனாலும் கண் குடத்தின் வாயிலேயே இருந்தது.

பெரியவள் வாசற்படியில் வந்து நின்றாள். இடுப்பில் கையை வைத்து, குழாயடியிலிருந்து வரிசையின் வால்வரைக்கும் ஒரு பார்வை பார்த்தாள். ஆள் எண்ணுகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பார்வை கடைசிக் குடத்தில் வந்து நின்றது. நாய் அவள் காலடியிலிருந்து எழுந்து, தெருவைக் கடந்து, சின்னவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

“ஏன்டி,” என்றாள் பெரியவள், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, “நீ எதுக்குடி வரிசையில நிக்கிற?”